பகிர்வதற்கு முன் பார்ப்போம்

சமூக ஊடகங்களுள் நான் அதிகம் பயன்படுத்துவது வட்ஸ்அப். ஆசிரியை அனுப்பும் பாடக்குறிப்பு, கட்டாரில் தொழில் புரியும் மாமாவின் குரல் பதிவு, ஊர் ஜனாஸா அறிவித்தல் யாவும் அதனூடாகவே வருகின்றன. அதன் பயன் பெரியது. எனினும், அதில் வரும் செய்திகளைச் சரிபார்ப்பவர் யார் என்று நம்மில் பலர் யோசிப்பதில்லை.

2016 முதல் வட்ஸ்அப் செய்திகள், அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே வாசிக்கக்கூடியவாறு பூட்டி அனுப்பப்படுகின்றன. அந்நிறுவனத்தாலும் அவற்றை வாசிக்க முடியாது. இது நமது அந்தரங்கத்துக்குப் பாதுகாப்பு. ஆனால் பொய்யொன்று பரவும்போது இடையில் நின்று திருத்துவதற்கும் எவரும் இல்லை. பத்திரிகையில் ஆசிரியர் செய்யும் வேலையை இங்கே நாமே செய்யவேண்டியுள்ளது.

அதற்கு உதவும் அடையாளம் ஒன்று உண்டு. பிறர் அனுப்பியதை அப்படியே பகிர்ந்தால் அதன் மேல் அம்புக்குறி தோன்றும். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தடவைகள் கைமாறி வந்ததாயின் இரட்டை அம்புக்குறி தோன்றும். அத்தகைய செய்தியை ஒரு தடவையில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்பலாம் என்ற கட்டுப்பாடு 2020 ஏப்ரலில் வந்தது. இரட்டை அம்புக்குறி இருப்பதால் மட்டும் செய்தி பொய்யாகிவிடாது. அதை முதலில் எழுதியவரை நமக்குத் தெரியாது என்பதே அதன் பொருள்.

நான் இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். "நாளை பாடசாலைகளுக்கு விடுமுறை" என்று வரும் செய்திகள் பலவற்றில் திகதியே இருப்பதில்லை. அதனால் பழைய செய்தி மீண்டும் மீண்டும் புதிதாக வலம் வருகிறது.

வதந்தியின் விலையை நம் சமூகம் நன்கறியும். 2018 பெப்ரவரியில், அம்பாறையில் ஓர் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலந்த உணவு விற்கப்படுவதாகக் கதை பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில், உணவில் இருந்தது வெறும் மாக்கட்டி என்று தெரியவந்தது. ஆனால் உடைந்தவை உடைந்தவைதாம். அடுத்த மாதம் கண்டி மாவட்டத்தில் வன்முறை வெடித்தபோது பேஸ்புக், வட்ஸ்அப் ஆகியவற்றை அரசாங்கம் தற்காலிகமாக முடக்கியது.

கிடைத்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. பிறர் பரப்பிய பொய்யால் பாதிக்கப்பட்ட நாம், பிறரைப் பற்றி வரும் செய்தியிலும் அதே கவனத்தைக் காட்டவேண்டும். திகதி உண்டா, யார் சொன்னது, வேறெங்கும் வந்துள்ளதா என்று பார்ப்போம். உறுதியாகாவிட்டால் நம்மோடு நிறுத்திக்கொள்வோம். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்வோம்.