பட்டணத்துப் பனியும் ஒரு பாலகனும்

இயற்கையின் தரிசனத்துக்காகக் காட்டுக்கும் மலைக்கும் யாத்திரை போகவேண்டும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, நகரத்துக் குழந்தைக்கு அது வீட்டு வாசலிலேயே சித்திக்கும் என்பதை உணர்த்திய இசைநாடகம் ஒன்று, 2021 டிசம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில், அந்நகரின் கிராண்ட் ஆபெரா சபையாரால் அரங்கேற்றப்பட்டது. 'தி ஸ்னோயி டே' என்பது அதன் பெயர். வெண்பனி விழுவதே அபூர்வமான ஊரில், பனியில் விளையாடும் ஒரு சிறுவனின் கதை மேடை ஏறியது விசேஷந்தான்.

மூலக்கதை, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வறிய யூதக் குடும்பத்தில் பிறந்த எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962-இல் எழுதிச் சித்திரமும் தீட்டிய சிறு புத்தகம். 1940-இல் 'லைஃப்' பத்திரிகையில் வெளிவந்த ஒரு கறுப்பினச் சிறுவனின் புகைப்படங்களைக் கத்தரித்து இருபது வருஷங்களுக்கு மேலாகப் பத்திரப்படுத்தியிருந்த அவர், அத்தகைய குழந்தைகள் சித்திரப் புத்தகங்களில் கதாநாயகராக வருவது அரிதாயிருந்த அக்காலத்தில், அந்த முகத்தையே பீட்டர் என்னும் தம் கதாநாயகனாகச் சிருஷ்டித்தார். மறு வருஷமே அப்புத்தகத்துக்குச் சித்திரப் புத்தகங்களுக்கான கால்டெகாட் பரிசு கிடைத்தது. நியூயார்க் பொது நூலகம் தன் 125 ஆண்டுச் சரித்திரத்தில் வாசகர்கள் மிகுதியாக இரவல் பெற்ற புத்தகம் இதுவே என்று 2020-இல் அறிவித்தது. இரவல் போன தடவைகள் 4,85,583!

கதையோ மிக எளியது. கண் விழித்த பாலகன் ஜன்னல் வழியே வெளுத்துக் கிடக்கும் தெருவைக் கண்டு, சிவப்பு அங்கி தரித்து வெளியே ஓடுகிறான். பாதங்களை உட்புறமும் வெளிப்புறமும் திருப்பித் தடம் பதித்துப் பார்க்கிறான். குச்சியை இழுத்துப் புதிய கோடு ஒன்று வரைகிறான். பனி சுமந்த மரத்தைத் தட்டித் தலையில் வாங்கிக்கொள்கிறான். சட்டைப்பையில் பத்திரமாகக் கொண்டுவந்த பனியுருண்டை கரைந்து போனதைக் கண்டு துயரப்படுகிறான். பரீட்சை, ஆச்சரியம், நஷ்டம் என்று விஞ்ஞானியின் அனுபவம் முழுவதும் அந்த ஒரு பகலுக்குள் அவனுக்கு வாய்த்துவிடுகிறது.

இக்கதையைத் தழுவி ஆண்ட்ரியா டேவிஸ் பிங்க்னி எழுதிய நாடகத்துக்குச் சங்கீதம் அமைத்து, பீட்டரின் பாத்திரத்தைப் பெண் குரலுக்கு அளித்த ஜோயல் தாம்சன், கொல்லப்பட்ட நிராயுதபாணிகளான கறுப்பினத்தவர் எழுவரின் கடைசி வார்த்தைகளைச் சேர்ந்திசையாக்கியவர். மரண வேதனையைப் பாடிய அதே உள்ளம் பாலகனின் ஆனந்தத்தையும் பாட முன்வந்ததில் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது. ஏனெனில், தெருவில் இறங்கி நிர்ப்பயமாக விளையாடும் சுதந்திரம் எல்லாக் குழந்தைகளுக்கும் சமமாகக் கிடைத்துவிடுவதில்லை.

குழந்தைகளுக்கு இயற்கையைப் போதிக்க விரும்பும் பெரியோர் முதலில் செய்யவேண்டிய கைங்கரியம், அச்சமின்றி அவர்கள் நடமாடத்தக்க வீதியையும், அவசரமின்றி வேடிக்கை பார்க்கத்தக்க பொழுதையும் உண்டாக்கித் தருவதே. போதிக்கும் பொறுப்பை வானமும் மரமும் தாமே ஏற்றுக்கொள்ளும்.