பூண்டு மணக்கும் கடுகுச் செடி

நம் அன்னையர் தாளிதத்திற்கு இடும் கடுகை நாம் நன்கு அறிவோம். முட்டைக்கோசும் முள்ளங்கியும் அக்கடுகிற்கு உறவு என்பதைச் சிலரே அறிவர். இக்குடும்பத்தில் தோன்றிய செடியொன்று வட அமெரிக்கக் காடுகளுக்குப் பெருந்தொல்லையாகியுள்ளது. அதன் இலையைக் கசக்கினால் பூண்டு மணக்கும்; ஆதலின் பூண்டுக்கடுகு என்று அழைப்போம்.

ஐரோப்பாவில் இது வெறும் வேலியோரச் செடி. கறிக்கும் மருந்துக்கும் ஆகுமென்று குடியேறியோர் இதனை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். 1868ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்து லாங் தீவில் இது வளர்வது முதன்முதலாகப் பதிவாயிற்று. அங்கு இதனைத் தின்று அடக்கும் பூச்சிகள் இல்லை. மான்களும் இதனை விடுத்துப் பிற செடிகளையே மேய்கின்றன. போதாக்குறைக்கு, மரக்கன்றுகளின் வேருக்குத் துணைபுரியும் மண்பூஞ்சைகளையும் இது கெடுக்கிறது என்று 2006ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இதனை இனங்காண்பது எவ்வாறு? முதலாண்டில் சிறுநீரக வடிவ இலைகளைத் தரையோடு தரையாய் விரித்துக் கிடக்கும். வயலட் செடியோ என மயங்குவோர் பலர். மறுஆண்டு இளவேனிலில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் வளரும். மேலிலைகள் முக்கோணமாய், விளிம்பில் பற்களுடன் இருக்கும். உச்சியில் சிறு வெண்மலர்கள் பூக்கும். ஒரு மலரை எடுத்து எண்ணினால், சிலுவைபோல் நான்கு இதழ்கள். நடுவே ஆறு மகரந்தத் தாள்கள், அவற்றுள் நான்கு நெடியவை, இரண்டு குறியவை. இது கடுகுக் குடும்பத்தின் முத்திரை.

எனினும் முத்திரை மட்டும் போதாது. அக்காடுகளுக்கே உரிய டூத்வார்ட் என்னும் நற்செடிக்கும் இதழ் நான்கே; அதுவும் கடுகினமே! ஆகவே இலையைக் கசக்கி முகர்தல் வேண்டும். முற்றிய செடியில் மணம் குன்றும். அப்போது வேரைப் பார்த்தால், வெண்ணிறமாய், மேற்பகுதியில் ஆங்கில எஸ் எழுத்தைப்போல் வளைந்திருக்கும்.

மனிதர் மயங்கினால் ஒரு நற்செடி வீணாகும். மேற்கு வர்ஜீனியா வெள்ளை என்னும் வண்ணத்துப்பூச்சி மயங்கினாலோ அதன் குலமே அழியும். டூத்வார்ட்டில் முட்டையிட வேண்டிய அது, கடுகினச் சாற்றின் வாடையை நம்பிப் பூண்டுக்கடுகில் இட்டுவிடுகிறது. பொரித்த புழுக்கள் அவ்விலையைத் தின்று மடிகின்றன. பாவம், தாய் அறியாது!

இதனால் அங்குள்ள தொண்டர்கள் இளவேனில்தோறும் காடு புகுந்து இச்செடியை வேரோடு பிடுங்குகின்றனர். பிடுங்கியதை அங்கேயே போடுவதில்லை. சாய்ந்து கிடக்கும் செடியிலும் பூ விதையாகிவிடும். பையில் கட்டியே வெளியேற்றுகின்றனர். மண்ணில் விழுந்த விதையோ பல்லாண்டு உயிரோடிருக்கும். ஆதலின் மறு இளவேனிலிலும் அதே இடத்திற்கு அவர்கள் செல்கின்றனர்.