பழைய இரும்பு – 17: இறாலும் ஈயக்குண்டும் ஒரே கணக்கு

படுவான்கரை வீடொன்றின் கூரை வளையில் செருகிக் கிடந்த அந்தக் குறடு, ஈயக்குண்டு வார்க்கும் அச்சு என்பதுவரை போன வாரம் வந்துவிட்டோம். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். செய்தவர் யார், என்ன விலை போகும் என்று இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். பாதிதான் தேறும் போலிருக்கிறது. குற்றம் என்னுடையதல்ல, அந்த இலக்கத்துடையது.

குறட்டின் மூட்டில் மண்ணெண்ணெயைத் தடவி இரண்டு நாள் விட்டுவிட்டுத் துணியால் துடைத்தபோது இரண்டு இலக்கங்கள் தெரிந்தன. முதலாவது ஒன்று. அடுத்தது ஆறா, எட்டா? நான் பார்த்தால் ஆறு. மகள் பார்த்தால் எட்டு. பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆண்டு இல்லை. வீட்டுக்காரர் அதை விலையென்றே நினைத்திருந்தார். பதினாறு ரூபாய்க்கு வாங்கியதாம்.

விலை இல்லை. அளவுமில்லை, அதாவது அங்குலமோ நூலோ இல்லை. அது ஒரு எண்ணிக்கை. ஒரு இறாத்தல் ஈயத்தில் இப்படி எத்தனை குண்டு வார்க்கலாம் என்கிற எண்ணிக்கை. 16 என்றால் இறாத்தலுக்குப் பதினாறு குண்டு. 12 என்றால் பன்னிரண்டு. இலக்கம் குறையக் குறையக் குண்டு பெருக்கும்.

இதைப் படித்ததும் எனக்கு வாவிக்கரை இறால் வியாபாரிதான் ஞாபகத்துக்கு வந்தார். கிலோவுக்கு இருபது நிற்கிற இறால் ஒரு விலை, அறுபது நிற்கிறது வேறு விலை. இறாலின் நீளத்தை அங்கே யாராவது அடிமட்டம் வைத்து அளந்து பார்த்திருக்கிறீர்களா? எண்ணித்தான் தரம் பிரிக்கிறார்கள். ஆங்கிலேயத் துவக்குக் கொல்லர்களும் அதையேதான் செய்திருக்கிறார்கள். துவக்குக் குழாயின் விட்டத்தைத் துல்லியமாக அளக்கும் கருவி ஒவ்வொரு பட்டறையிலும் இல்லாத காலத்தில் தராசு இருந்தது, ஈயம் இருந்தது. குழாய்க்குள் சரியாகப் போகும் உருண்டை இறாத்தலில் எத்தனையில் ஒரு பங்கோ, அதுவே குழாயின் பெயர். இன்றைக்கும் 12 போர் துவக்கு என்கிறோமே (இந்த ஊரில் ‘போர்’ என்று எழுதினால் வேறு அர்த்தம் வந்துவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்), அந்தப் பன்னிரண்டு இதுதான். தோட்டாவுக்குள் சன்னம் போட்டுச் சுடுகிறவருக்கும் இறாத்தலில் பன்னிரண்டிலொரு பங்கு உருண்டையின் பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 410 மட்டும் இதில் சேராது. அது அங்குலக் கணக்கு.

இறாத்தல் என்றால் இளசுகளுக்குப் பாண் மட்டும்தான் தெரியும். சரி, பாணையே வைத்துக்கொள்வோம். கடையில் வாங்கும் ஒரு இறாத்தல் பாண் 450 கிராம்; பழைய இறாத்தல் 453.6. அந்தப் பாணின் எடைக்கு ஈயம் எடுத்துப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒன்று 37.8 கிராம், குறுக்களவு 18.5 மில்லிமீற்றர். பதினாறாகப் பிரித்தால் 28.35 கிராம், சரியாக ஒரு அவுன்ஸ். பதினெட்டானால் 25.2 கிராம். ஆறா எட்டா என்ற தகராறைத் தீர்க்க மூன்று கிராம் வித்தியாசம் போதும்.

ஆகவே வார்த்துப் பார்க்க வேண்டியதாயிற்று. வீச்சுவலைக்கு ஈயமணி கட்டுகிற நண்பர் ஒருவரிடம் போனேன். குறட்டைப் பிரித்துப் பார்த்தார். “இதுக்குள்ள ஊத்தினா மணியில துளை எங்க மனே வரும்?” என்றார். துளை வேண்டாம் என்றேன். முற்றத்தில் இரும்பு அகப்பையில் வலை ஈயத்தை உருக்கி ஊற்றினார். முதல் உருண்டை கிழவிக் கன்னம்போல் சுருங்கி வந்தது, அச்சு குளிர்ந்திருந்ததால். குப்பிவிளக்கின் புகையை உள்ளே காட்டிக் கரி படியவைத்து, அச்சு கையைச் சுடும்வரை ஊற்றி ஊற்றிக் கொட்டினார். நான்காவது உருண்டை வழவழவென்று விழுந்தது. அதன் தலையில் கொடிபோல ஒரு வால். அதை நறுக்க வேறு கத்தி தேடவேண்டியதில்லை. குறட்டின் இரு பிடிகளும் சேரும் இடத்திலேயே வெட்டு வாய் இருக்கிறது. அழுத்தியதும் ‘டக்’.

எடை போட நகைக்கடைக்குப் போனேன். தட்டார் ஐயா உருண்டையைக் கண்டதும் தராசை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். ஈயம் பட்ட பொன் அடிக்கிற அடியில் வெடித்துவிடும் என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். கடைசியில் ஒரு பொலித்தீன் பையில் போட்டு, பையின் எடையைக் கழித்து நிறுத்துத் தந்தார். 25.1 கிராம். மகள் வென்றாள். பதினெட்டு.

ஆனால் துவக்கு பதினெட்டாக இருக்க வேண்டியதில்லை. வாய்வழி மருந்து கெட்டிக்கிற துவக்கில் குண்டை எண்ணெய்த் துணியில் பொதிந்து இறக்குவது வழக்கம். துணிக்கு இடம் விட்டுக் குண்டு கொஞ்சம் சிறுத்திருக்கும். ஆக, துவக்கு பதினேழோ பதினாறோ. அது எப்போது வீட்டை விட்டுப் போனது என்று கேட்டேன். “பிரச்சினை காலத்தில” என்றார்கள். அதற்கு மேல் இங்கே யாரும் கேட்பதில்லை. துவக்கு போய்விட்டது, குறடு, கூரை வளையில் இருந்ததால் தப்பிவிட்டது.

எண்ணிக்கை என்றதும் சாமுவேல் பேக்கரைச் சொல்லாமல் விட முடியவில்லை. நுவரெலியாவில் குடியேறி, இந்தத் தீவின் காடெல்லாம் யானை சுட்டுத் திரிந்த ஆங்கிலேயர். 1840இல் பிரிஸ்டல் கிப்ஸ் பட்டறையில் தனக்கென்று செய்வித்த அவருடைய றைபிள் மட்டும் 21 இறாத்தல். அதன் உருண்டைக் குண்டு மூன்று அவுன்ஸ், கூர்க்குண்டு நான்கு அவுன்ஸ். நான்கு அவுன்ஸ் என்றால் இறாத்தலுக்கு நான்கே நான்கு, 113 கிராம். இறாலில் அப்படி ஒன்று வலையில் விழுந்தால் வியாபாரி கும்பிடுவார். அதே காலத்தில் குடியேற்றச் செயலாளராக இருந்தவர் எமர்சன் ரெனன்ற். 1848இல் மட்டக்களப்பு வாவியில் இரவு தோணியில் போய், தண்ணீருக்கடியிலிருந்து எழும் இசையைக் கேட்டு எழுதியவர். வடக்கில் சில பகுதிகளில் மட்டும், சன்மானத்துக்காக மூன்று ஆண்டுக்குள் 3,500 யானைகள் கொல்லப்பட்டதை எழுதியவரும் அவரே. மீன் பாடியதை நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

இனி விலை. ஏமாறத் தயாராகுங்கள். பெயர் பொறிக்காத ஒற்றைக்குழி உருண்டை அச்சு இங்கிலாந்து ஏலங்களில் சில பத்துப் பவுண்களுக்கு மேல் போவது அபூர்வம். துவக்கோடு ஒரே பெட்டிக்குள், அதற்கென்றே செய்த அச்சாகக் கிடைத்தால்தான் பெட்டியின் மதிப்பு ஏறும். கோல்ட் கம்பனி முத்திரை குத்திய, உருண்டைக்கு ஒன்றும் கூர்க்குண்டுக்கு ஒன்றுமாக இரண்டு குழி வைத்த அச்சென்றால் கதை வேறு. நம்முடையது அந்த வகை இல்லை. கூரை வளைக்கே திருப்பி அனுப்பினாலும் நட்டமில்லை என்பது என் தீர்ப்பு. வீட்டுக்காரரிடம் அப்படியே சொன்னேன். முகம் வாடினாலும், பிள்ளைகளுக்குக் காட்ட வைத்துக்கொள்வதாகச் சொன்னார். வார்த்த நான்கு உருண்டைகளும் அன்றே உருகி வலைமணியாகிவிட்டன.

செய்தவர் யார் என்பது அடுத்த வாரம். பர்மிங்காம் டேவிஸ், ஷெபீல்ட் டிக்சன், ஹாக்ஸ்லி ஆகிய பெயர்களோடு, அமெரிக்க ஐடியல் கம்பனி அச்சுகளில் காணும் ஆறு இலக்கங்களையும் பார்ப்போம். அவை இறால் கணக்கில் அடங்காதவை. அதுவரை ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் இப்படிக் குறடு ஏதும் கிடந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்து போனால் எல்லாம் போயிற்று. எண்ணெய் தடவித் துணியால் துடைத்து, மூட்டுப் பக்கம் என்ன இலக்கம் இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். ஆறா எட்டா என்று குழப்பமாக இருந்தால் அதையும் எழுதுங்கள்.