புகைவண்டி விளையாட்டும் அதனைத் தேருமாறும்

உவகை தோன்றுதற்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டினையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியனார். ஆயின், எல்லா விளையாட்டும் ஒரு தன்மையன அல்ல. சில, தொழிலினின்று நம்மை விடுவித்து இன்பம் பயப்பன; வேறு சில, பிறர் செய்யுந் தொழிலையே நம் கையிற் கொடுத்து அதன் அருமையை உணர்த்தி இன்பம் பயப்பன. சிறுமகளிர் மணற்சோறு ஆக்குதலும், சிறுவர் சிறுதேர் உருட்டுதலும் பின்னர்க் கூறிய வகையைச் சேர்ந்தன. இக்காலத்துக் கணிப்பொறியில் ஆடப்பெறும் புகைவண்டி விளையாட்டுக்கள் அச்சிறுதேரின் வழித்தோன்றல்கள் எனலாம். இவற்றை ஆட விழையும் மாணவர் பலர், எதனை முதற்கண் கைக்கொள்வதென்று அறியாது, கண்ணைக் கவர்ந்ததொன்றை விலைக்கு வாங்கிச் சின்னாளிற் சலித்துக் கைவிடுகின்றனர். அன்னோர்க்கு ஒருசிறிது வழிகாட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விளையாட்டுக்களை மூவகையாகப் பகுக்கலாம். முதல்வகை, இருப்புப்பாதைக் கம்பெனியின் முதலாளியாக நம்மை வைப்பது. எங்கே பாதை இடுவது, எச்சரக்கினை எவ்வூர்க்குக் கொண்டு செல்வது, பட்ட கடனை எங்ஙனம் தீர்ப்பது என்பனவே இதன்கண் எழும் வினாக்கள். 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'ரெயில்ரோடு டைக்கூன்' இவ்வகையிற் புகழ்பெற்றது. இரண்டாம் வகை, எஞ்சின் டிரைவராக நம்மை அமர்த்துவது. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த 'மைக்ரோசாப்ட் டிரெயின் சிமுலேட்டர்' இதனைப் பல நாட்டாரும் அறியச் செய்தது. மூன்றாம் வகை, இருப்புப்பாதையின் அன்றாட நடப்பினையே நம்மிடம் ஒப்புவிப்பது. வண்டிகளைப் பிரித்தல், கோத்தல், பிரேக்குச் சோதித்தல், வழிவிடுதல், வழிபெறுதல் ஆகிய யாவும் இதன்பாற்படும். மெய்ந்நடப்பினை விரும்புவோர் நாடவேண்டுவது இம்மூன்றாம் வகையே.

அந்நடப்புத்தான் யாதென முதலில் அறிதல் வேண்டும். அமெரிக்க நாட்டில் ஒரு சரக்குவண்டி புறப்படுவதைக் கருதுவோம். யார்டில் நிற்கும் வாகன்களை, அவை சேரவேண்டிய ஊர்வாரியாக ஷண்டிங் செய்து பிரிக்கின்றனர். வழியில் எதனை முதலிற் கழற்றவேண்டுமோ, அது கழற்றுதற்கு எளிதான இடத்தில் அமையுமாறு வரிசைப்படுத்துகின்றனர். பின்னர் ஒவ்வொரு வாகனையும் கொக்கியாற் பிணைத்து, காற்றுக்குழாய்களை இணைத்து, கைப்பிரேக்குகளைத் தளர்த்தி, கடைசி வாகன்வரை பிரேக்குப் பிடிக்கின்றதா எனச் சோதிக்கின்றனர். இவ்வளவும் முடிந்த பின்னரும் டிரைவர் தம் விருப்பப்படி வண்டியை நகர்த்தலாகாது. 'டிஸ்பாட்சர்' எனப்படும் போக்குவரத்து அதிகாரியின் அனுமதி வேண்டும். ஒற்றைப்பாதையாயின், எதிர்வரும் வண்டிக்கு வழிவிட்டுக் கிளைப்பாதையிற் காத்திருத்தலும் வேண்டும். 1927ஆம் ஆண்டில் ஓஹியோ மாகாணத்தின் ஸ்டான்லி, பெர்விக் என்னும் ஊர்களுக்கிடையே, ஓரிடத்திலிருந்தே தொலைவிலுள்ள பாயிண்டுகளையும் சிக்னல்களையும் இயக்கும் முறை முதன்முதல் அமைக்கப்பட்டது. அதன்பின், பல மைல் தூரத்துப் போக்குவரத்து ஒருவர் கைக்குள் அடங்குவதாயிற்று. இவையெல்லாம் எந்த விளையாட்டில் உளவோ, அதுவே மெய்ந்நடப்பு விளையாட்டு.

புதியோர் பெரும்பாலும் இடறுவது ஈண்டுத்தான். மலையும் மரமும் மழைத்துளியும் உள்ளவாறே தோன்றுதல் கண்டு, 'இதுவே மெய்' என மயங்குவர். படத்தின் மெய்ம்மை வேறு. நடப்பின் மெய்ம்மை வேறு. காட்சி எளியதாயினும் தொழில் உண்மையாய் இருத்தல் கூடும். காட்சி மிகச் சிறந்ததாயினும் தொழில் பொய்யாய் ஒழிதலுங் கூடும். இவ்விரண்டனையும் பிரித்தறிதற்குச் சிறந்த உரைகல் பிரேக்கே ஆம்.

ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்பார் 1869ஆம் ஆண்டில் காற்றுப் பிரேக்கிற்கு உரிமை பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் அவரே அதனைத் திருத்தி, தானே இயங்கும் பிரேக்காக அமைத்தார். அதன் அமைப்பு வியக்கத்தக்கது. வண்டி நெடுகிலும் ஒரு குழாய் ஓடுகின்றது. அமெரிக்கச் சரக்குவண்டிகளில் அக்குழாயிற் சதுர அங்குலத்திற்கு 90 பவுண்டு அழுத்தமுள்ள காற்று நிரப்பப்படுதல் வழக்கம். ஒவ்வொரு வாகனின் அடியிலும் உள்ள காற்றுத்தொட்டியும் அக்குழாயின் வழியே நிரம்புகின்றது. டிரைவர் குழாயின் அழுத்தத்தைக் குறைத்தால், தொட்டியிலுள்ள காற்று உருளையிற் பாய்ந்து பிரேக்கை அழுத்துகின்றது. ஆகவே, வண்டி இடையில் அறுபட்டுக் குழாய் பிரிந்தாலும் பிரேக்கு விழுமேயன்றி விடுபடாது. காற்றைச் செலுத்தி அன்று, காற்றை விடுத்தே வண்டியை நிறுத்துகின்றனர் என்பது கருத்து.

ஆயினும் இதன்கண் ஓர் இடர் உண்டு. குழாயின் அழுத்தம் 90இலிருந்து ஏறக்குறைய 64 ஆகக் குறைந்தவுடன் தொட்டியும் உருளையும் சமநிலை எய்திவிடும். அதன்பின் மேலும் சிறிது சிறிதாகக் குறைப்பதனால் வழக்கமான பிரேக்கின் வலிமை மிகாது. அன்றியும், அமெரிக்கச் சரக்குவண்டிப் பிரேக்கைச் சிறிதளவு தளர்த்துதல் இயலாது; தளர்த்தினால் முழுதுந் தளர்ந்துவிடும். தொட்டிகள் மீண்டும் நிரம்புதற்கோ சில நிமிடங்கள் வேண்டும். எனவே, இறக்கத்திற் பிரேக்கைப் பிடிப்பதும் விடுவதுமாக இருப்பவர், இருந்த காற்றையெல்லாம் செலவிட்டு, இறுதியில் வெறுங்கையராய் நிற்பர்.

இவ்வுண்மையை யான் ஏட்டிற் படித்துணர்ந்தேனல்லேன், விளையாடும்போது பட்டுணர்ந்தேன். நீண்ட இறக்கமொன்றில் மும்முறை பிரேக்கைப் பிடித்து மும்முறை விடுத்தேன். நான்காம் முறை பிடித்தபோது வண்டி என் சொற்கேட்கவில்லை. அடிவாரத்து வளைவிற் கவிழ்ந்தது. குற்றம் விளையாட்டினுடையதன்று, என்னுடையதே. ஆயினும், அக்குற்றத்தை உள்ளவாறு காட்டிய விளையாட்டே நல்விளையாட்டென அன்று தெளிந்தேன்.

ஆகவே, தேர்வோர் மூன்று சோதனைகள் செய்க. பிரேக்கை விட்டபின் காற்று மீண்டும் நிரம்பக் காலம் செல்கின்றதா என்பது ஒன்று. வெறும் வண்டிக்கும் நிறைவண்டிக்கும் இயக்கத்தில் வேறுபாடு தோன்றுகின்றதா என்பது மற்றொன்று. பாதையிற் செல்ல அனுமதி வேண்டுமா, அன்றி விரும்பியவாறு ஓடலாமா என்பது மூன்றாவது. இம்மூன்றும் உள்ளதே மெய்ந்நடப்புடையது. இனி, வழக்கிலுள்ள சிலவற்றை நோக்குவோம்.

'ரன் எய்ட்' என்பது அமெரிக்கச் சரக்குப் போக்குவரத்தினையே முதன்மையாகக் கொண்டது. கலிபோர்னியாவின் பாலைநிலங்களும் மலைக்கணவாய்களும் இதன் களங்களுட் சில. பலர் ஒருங்கே கூடி, ஒருவர் டிஸ்பாட்சராகவும், ஒருவர் யார்டிற் பணிபுரிவோராகவும், ஏனையோர் டிரைவர்களாகவும் ஆடலாம். காட்சியழகிற் சிலவற்றிற்குப் பின்தங்கியதாயினும், நடப்பின் நுட்பத்தில் இது முன்வரிசையில் வைத்தெண்ணத்தக்கது. ஆயின், கற்றுக்கொடுப்பார் இன்றேல் புதியோர்க்குத் தொடக்கத்திற் சிறிது கடினமே.

2023ஆம் ஆண்டின் இறுதியில் முதல்வடிவம் வெளிவந்த 'ரெயில்ரோடர்', வட கரோலினா மாகாணத்து மலைநாட்டில் நிகழ்வது. நீராவி எஞ்சின்களுக்கு நீரும் நிலக்கரியும் இட்டு, சிற்றூர்த் தொழிற்சாலைகட்கு வாகன்களைக் கொண்டுசென்று விடுத்து, வெற்று வாகன்களைத் திரும்பக் கொணர்தலே தொழில். ஷண்டிங்கின் சுவையை அறிய விரும்புவோர்க்கும், நண்பர் சிலருடன் ஆட விழைவோர்க்கும் ஏற்றது.

2019ஆம் ஆண்டில் முதல்வடிவம் எய்திய 'டிரெயில் வேலி' கற்பனைப் பள்ளத்தாக்கொன்றில் அமைந்தது. தனியொருவர் ஆடுமாறு இயற்றப்பெற்றது. அலுவலகத்திற் பணிச்சீட்டைப் பெற்று, வாகன்களைத் தேடிக் கண்டு, தம் கையாலேயே கொக்கியும் குழாயும் மாட்டி, உரிய இடத்திற் சேர்த்துக் கூலிபெறல் வேண்டும். பெரிய எஞ்சினை ஓட்டவும் நீண்ட வண்டியை இழுக்கவும் படிப்படியாக உரிமம் பெறவேண்டும். சேதம் விளைத்தால் அதன் செலவும் நம்முடையதே. உண்மையான ஊரும் பாதையும் இல்லையெனினும், எடையும் இறக்கமும் இதன்கண் உண்மையாகவே உள்ளன. புதியோர் தம் பிழையினாலேயே கற்றற்கு இது நன்கு உதவும்.

'ஓப்பன் ரெயில்ஸ்' விலையின்றிக் கிடைப்பது. முற்கூறிய 2001ஆம் ஆண்டு விளையாட்டிற்கென இயற்றப்பட்ட பாதைகளையும் வண்டிகளையும் இயக்கவல்லது. ஆர்வலர் பலர் பல நாட்டுப் பாதைகளையும் வண்டிகளையும் இதற்கென ஆக்கியுள்ளனர். நம் நாட்டு எஞ்சின்களும் அவற்றுள் உள. பழைய கணிப்பொறியே உடையார்க்கும் பொருள் குறைந்தார்க்கும் இது பெருந்துணை. ஆயின், கோப்புக்களைத் தேடி ஒழுங்குற அமைத்தற்குப் பொறுமை வேண்டும்.

'டிரெயின் சிம் வேர்ல்டு' காட்சியழகிற் சிறந்தது. டிரைவரின் அறையினுள் உள்ள பிடிகளும் பொத்தான்களும் நன்கு அமைந்தவை. ஓட்டுந்தொழிலை முதன்முதற் கற்பார்க்கு எளிது. எனினும், வண்டியை ஓட்டுதலே அதன்கண் முதன்மை. போக்குவரத்தினை ஆளுதல் அன்று. 'சிம்சிக்' என்னும் பிரிட்டிஷ் விளையாட்டோ இதற்கு நேர்மாறானது. அதில் எஞ்சினே காணப்படாது. கோடுகளும் எண்களுமே திரையில் தோன்றும். சிக்னல் அறையில் அமர்ந்து, கால அட்டவணையைக் கையிற்கொண்டு, எந்த வண்டியை முன்விடுவது, எதனை நிறுத்துவது எனத் துணிதலே தொழில். சதுரங்கம் விரும்புவார் இதனையும் விரும்புவர்.

இவற்றுள் எதனைத் தேர்வது? கோபுரங் கட்ட எண்ணுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டுமென்று நம் ஆண்டவர் உவமையாற் போதித்தார். ஈண்டும் அஃதே முறை. விளையாட்டின் விலை குறைவாகத் தோன்றினும், புதிய பாதைகட்கும் வண்டிகட்கும் தனித்தனி விலை வைப்பாரும் உளர். சிறுகச் சிறுகச் செலவு பெருகிவிடும். ஆதலின், கையிலுள்ள கணிப்பொறியின் ஆற்றல், செலவிடத்தக்க பொருள், நாடோறும் ஒதுக்கத்தக்க நேரம், உடனாடும் நண்பர் உண்டா இல்லையா என்னும் நான்கனையும் முதற்கண் எண்ணுக. பொருளில்லார் ஓப்பன் ரெயில்ஸையும், தனித்தாடுவோர் டிரெயில் வேலியையும், நண்பருடையார் ரெயில்ரோடரையும் தொடங்குதல் நலம். நன்கு தேர்ச்சியடைந்தபின் ரன் எய்ட்டினை நாடலாம். பாடத்திற்குரிய நேரத்தை இவ்விளையாட்டு விழுங்காவாறு காத்தல் மாணவர் கடன் என்பதையும் மறவற்க.

தொடங்குவோர் ஒரு மைல் நீளக் கூட்ஸ் வண்டியை முதல்நாளே இழுக்க முயலற்க. சிறிய எஞ்சினும் ஐந்தாறு வாகன்களும் போதும். சமநிலத்தில் வாகன்களைக் கோத்தலும் பிரித்தலும் பழகுக. மெல்ல மோதாமல் இணைக்கக் கற்றபின் சிறிய இறக்கத்திற் காற்றினைச் சிக்கனமாகச் செலவிடப் பழகுக. எஞ்சினைவிட்டு இறங்குமுன் கைப்பிரேக்கைப் பிணித்தலை வழக்கமாக்குக.

இத்துணை நுட்பம் ஒரு விளையாட்டிற்கு வேண்டுமோ என வினவுவார் உளர். அன்னோர்க்கு இரு நிகழ்ச்சிகளைக் கூறுவேன். 1989ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், கலிபோர்னியாவின் கஹோன் கணவாயினின்று இறங்கிய சரக்குவண்டி ஒன்று, சான் பெர்னார்டினோ நகரில் மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்திற் பாதையினின்று புரண்டு, வீடுகளின்மேல் வீழ்ந்து, நால்வர் உயிரைக் கவர்ந்தது. அவருள் இருவர் குழந்தைகள். வண்டியின் எடை ஏறக்குறைய 6,150 டன் என்று கணக்கில் எழுதப்பட்டிருந்தது. உண்மையில் அஃது ஏறக்குறைய 8,900 டன். எஞ்சின்களுட் சிலவற்றின் மின்தடையும் செவ்வனே இயங்கவில்லை. அடுத்து, 2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6ஆம் நாள், கனடா நாட்டு லாக் மெகாந்திக் என்னும் ஊரில், எண்ணெய் ஏற்றிய 72 வாகன்களையுடைய வண்டி, ஆளின்றித் தானே உருண்டுவந்து கவிழ்ந்து தீப்பற்றியது. 47 பேர் மாண்டனர். மேட்டில் நிறுத்தப்பட்ட அவ்வண்டிக்குப் பிணிக்கப்பட்ட கைப்பிரேக்குகள் ஏழே. இயங்கிக்கொண்டிருந்த எஞ்சின் அணைக்கப்பட்டபின் காற்று மெல்ல மெல்லக் கசிந்தது. எஞ்சிய கைப்பிரேக்குகள் அப்பாரத்தைத் தாங்கவில்லை.

ஒரு தவறான எண். திருப்பாது விட்ட சில சக்கரப்பிடிகள். இவையே அப்பேரிடர்களின் தொடக்கம். விளையாட்டிற் கவிழ்ந்த என் வண்டியை ஒரு நொடியில் மீண்டும் நிறுத்திக்கொண்டேன். அவ்வூரார்க்கு அஃது இயலவில்லை. நள்ளிரவில், மழையில், விளக்கொன்றைக் கையிற்பிடித்து, வாகன்தோறும் நடந்து கைப்பிரேக்கைத் திருப்பும் ஊழியரை நாம் வண்டியில் உறங்கிச் செல்லுங்கால் நினைப்பதில்லை. கொஞ்சத்தில் உண்மையுள்ளவன் அநேகத்திலும் உண்மையுள்ளவனாயிருப்பான் என்னும் திருமொழியின் பொருளை அவர் கைகள் நாடோறும் எழுதுகின்றன. அதனை ஒருசிறிதேனும் உணரச் செய்யும் விளையாட்டே நாம் தேர்ந்துகொள்ளத்தக்க விளையாட்டு.