வட்டம் வட்டமாக இருக்கட்டும்

1987ஆம் வருஷத்தில் நடந்த எங்கள் அக்காவின் கல்யாணக் கேசட்டை, டெக்கும் ஓடாமல் போய், நாடாவிலும் பூஞ்சணம் படர ஆரம்பித்துவிட்டதே என்ற பயத்தினால், சென்ற வருஷம் ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றி வாங்கினோம். வீட்டார் எல்லோரும் கூடியிருந்து அகலமான புதிய டிவியில் அதைப் போட்டுப் பார்த்தபோது, மணவறைக்கு அருகில் பாட்டி உட்கார்ந்திருக்கும் காட்சி வந்தது. ஒடிசலான தேகமும் நீண்ட முகமுமாக நாங்கள் அறிந்திருந்த பாட்டி, அங்கே கன்னம் உப்பி, தோள் அகன்று, வேறு யாரோ ஒரு ஸ்திரீயைப் போலக் காணப்பட்டாள். "இதுவா அம்மா? அம்மா என்றைக்கடா இவ்வளவு பருமனாக இருந்தாள்?" என்று அப்பா கேட்டார். பாட்டியின் அசைவைக் காட்டும் சித்திரம் எங்கள் குடும்பத்தில் அது ஒன்றுதான் ஆகையால், அந்தக் கேள்வி என் மனத்தை விட்டு நீங்கவில்லை.

கேசட்டின்மேல் குற்றமில்லை; படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் வழியில் எங்கோ பிசகியிருந்தது, அவ்வளவுதான். 1890களின் தொடக்கத்தில் எடிசனுடைய ஆய்வுக்கூடத்தில் டிக்ஸன் என்பவர் 35 மில்லிமீட்டர் பிலிமுக்கு வகுத்துக்கொண்ட சட்டம், உயரம் 3 பங்கென்றால் அகலம் 4 பங்கு என்ற கணக்கில் அமைந்தது. பின்னால் வந்த தொலைக்காட்சியும் அந்தக் கணக்கையே ஸ்வீகரித்துக்கொண்டது. ஆகவே 1976இல் ஜப்பானில் பிறந்து, 1980களில் நம் கல்யாண மண்டபங்களுக்குள் நுழைந்த வி.எச்.எஸ். நாடாவிலும் அதே 4:3 சட்டமே பதிவாயிற்று. இன்று சுவரில் மாட்டியிருக்கும் டிவியோ 16:9 அளவுடையது. சிறிய சட்டத்துப் படத்தைப் பெரிய சட்டம் நிறையும்படி பக்கவாட்டில் இழுத்தால், உயரம் அப்படியே நிற்க, அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. பாட்டி பருத்த காரணம் இதுவே.

இதில் டிவிடிக்கென்று ஒரு விசேஷமும் உண்டு. நம் நாட்டு 'பால்' (PAL) தொலைக்காட்சி முறையில் டிவிடியின் படம், குறுக்கே 720 புள்ளிகளும் மேலிருந்து கீழாக 576 வரிகளும் கொண்டது. 4:3 படமானாலும் 16:9 படமானாலும் இந்த எண்ணிக்கை மாறுவதில்லை. அப்படியானால் எந்தப் படத்தை எந்த அகலத்துக்கு விரிப்பது என்பது எப்படித் தெரியும்? படத்தோடு கூடவே எழுதி வைத்திருக்கும் ஒரு சிறு குறியீட்டினால் தெரியும். 1973இல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக 'ராஜராஜ சோழன்' வந்தபோது, படம் பிடிக்கையில் ஒரு கண்ணாடி வில்லை காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கி பிலிமில் அடைக்க, கொட்டகையில் இன்னொரு வில்லை அதை விரித்துத் திரையில் வீழ்த்தியது. அந்த இரண்டாவது வில்லையின் வேலையைத்தான் டிவிடியில் இந்தக் குறியீடு செய்கிறது. 4:3 என்று இருக்கவேண்டிய இடத்தில் 16:9 என்று இருந்தால் மனிதர்கள் பருத்துப் போகிறார்கள். மாறாக, பிற்காலத்துக் காமிராக்களில் அகலப் படமாக நெருக்கி எடுத்ததற்கு 4:3 என்ற குறி விழுந்தால், எல்லோரும் மூங்கிலைப் போல் மெலிந்து நெடிதாகிறார்கள்.

கோளாறு இன்னதென்று நிச்சயிக்கக் கண்மதிப்பு போதாது. முகங்களைப் பார்த்து முடிவு செய்ய முற்பட்டால் ஆளுக்கொரு அபிப்பிராயம் பிறக்கும். காட்சியில் நேராகத் தெரியும் வட்டமான பொருள் ஒன்றைத் தேடிப் பிடிப்பதே உத்தமமான வழி. தட்டும் தாம்பாளமும் சாய்ந்திருக்கும்; அவற்றை நம்ப முடியாது. எங்கள் கேசட்டில் நல்லவேளையாக மண்டபத்துச் சுவர்க்கடிகாரம் காமிராவுக்கு நேர் எதிரே மாட்டியிருந்தது. படத்தை நிறுத்தி, பள்ளிக்கூட ஸ்கேலைத் திரைமேல் வைத்து அளந்தேன்: உயரம் 6 சென்டிமீட்டர், அகலம் 8 சென்டிமீட்டர். 4:3 படம் 16:9 ஆக இழுக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுவதில்லை. 6க்கு 6 என்றால் குறையில்லை. உயரம் 8, அகலம் 6 என்றால் படம் நெருங்கியிருக்கிறது.

பரிகாரத்தை டிவியிலிருந்து தொடங்க வேண்டும். ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் பொத்தானை அழுத்தி 4:3க்குக் கொண்டுவந்து பார்க்கலாம். பிறகு டிவிடி பிளேயரின் அமைப்பில், இணைத்திருக்கும் டிவி 16:9 வகை என்று குறித்திருக்கிறதா என்று பார்க்கலாம். சரியென்று முன்பே தெரிந்த வேறொரு டிவிடி அங்கே ஒழுங்காக ஓடுமானால், பிழை நம்முடைய டிவிடியில்தான் என்பது உறுதி. அப்போது அதைக் கம்ப்யூட்டரில் பிரதி எடுத்து, குறியீட்டை மட்டும் திருத்தி, புதிய டிவிடியில் எழுதிக்கொள்ள வேண்டும். இக்குறி படத்தின் தரவுக்குள் ஒன்றும், டிவிடியின் விவரக் கோப்பில் ஒன்றுமாக இரண்டு இடங்களில் இருப்பதால், இரண்டும் ஒத்துப்போவது அவசியம். படத்தை மறுபடி தயாரிக்க வேண்டியதில்லை ஆதலால், இதில் தரம் அணுவளவும் குறையாது.

ஆனால் கடைக்காரர் இரு பக்கமும் கருப்புப் பட்டை சேர்த்து, அதையும் படத்தின் பகுதியாகவே பதிந்து 16:9 ஆக்கியிருந்தால், 720 புள்ளிகளில் 540 மட்டுமே உண்மையான காட்சிக்குக் கிடைக்கும். விகிதம் சரியாக இருந்தும் தெளிவு குன்றும். அவ்விதம் நேர்ந்தால் கேசட்டிலிருந்து மறுபடியும் பதிவதே சிலாக்கியம். டிவியிலிருந்து பதிந்த சினிமாக்களில், மேலும் கீழும் கருப்புப் பட்டையோடு கூடிய அகலப் படம் 576 வரிகளில் 432 வரிகளுக்குள்ளேயே அடங்கியிருப்பதும் உண்டு. அந்தப் பட்டைகளை வெட்டிப் படத்தைப் பெரிதாக்கலாம். என்றாலும் வீடியோப் படம் ஒற்றை வரிகள் ஒரு முறை, இரட்டை வரிகள் மறு முறை என்று பின்னிப் பின்னி வருவது ஆகையால், அந்தப் பின்னலைப் பிரிக்காமல் உயரத்தை மாற்றினால், அசைகின்ற கையும் காலும் சீப்புப் பல்லைப் போல் சிதறித் தெரியும். இவ்வேலையைத் தெரிந்தவர்களிடம் விடுவதே நல்லது.

நாங்கள் திருத்திய டிவிடியைப் போட்டவுடன், இரு பக்கமும் இடம் வீணாகிறதே என்று மருமகன் குறைப்பட்டான். வீணாகவில்லை. நாடாவில் இல்லாத அகலத்தை நாம் எங்கிருந்து கொண்டுவர முடியும்? ஒன்று முகங்களை இழுக்க வேண்டும், அல்லது தலையையும் காலையும் வெட்ட வேண்டும். திரை நிறைய வேண்டும் என்பதற்காகப் பாட்டியின் முகத்தைக் கொடுத்துவிட எனக்குச் சம்மதமில்லை. இறந்துபோனவர்களின் சாயலைத் திருத்திச் சொல்ல அவர்கள் திரும்பி வரப்போவதில்லை. அதைக் காப்பது இருப்பவர்களின் கடமை.

அப்பா அந்தக் காட்சியை மூன்று தடவை பார்த்தார். நாளைக்கு வேறு டிவி வரும், வேறு யந்திரம் வரும், பாட்டியைப் பாராத பேரப்பிள்ளைகள் இதைப் போட்டுப் பார்ப்பார்கள் என்று எண்ணி, டிவிடியின் உறைமேல் இரண்டு வரி எழுதி வைத்தேன்: "படம் 4:3. மண்டபத்துக் கடிகாரம் வட்டமாகத் தெரிய வேண்டும்."