வரி வீதம் மாறினால் எத்தனை இடத்தில் மாற்ற வேண்டும்?

2022 யூன் 1ஆம் திகதி பெறுமதி சேர் வரி (வற்) 8 வீதத்திலிருந்து 12 வீதமானது. அதே ஆண்டு செப்டெம்பர் 1இல் 15 ஆனது. 2024 ஜனவரி 1இல் 18 ஆனது. இருபது மாதங்களுக்குள் மூன்று மாற்றங்கள்.

கட்டைபறிச்சானில் கடை, மூதூரில் ஸ்டோர், திருகோணமலையில் மொத்த வியாபாரம் என நடத்தும், வற் பதிவுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். பற்றுச்சீட்டு அடிக்க ஒரு மென்பொருள், கணக்குக்கு ஒன்று, ஓடர் எடுக்க ஓர் இணையத்தளம். மூன்றிலும் வரிக் கணக்கு தனித்தனியே எழுதப்பட்டிருந்தால், ஒன்றில் மாற்ற மறந்தாலும் போதும். வாடிக்கையாளரிடம் 15 வீதம் வாங்கி, அரசுக்கு 18 வீதம் கட்ட நேரும். வித்தியாசம் முதலாளியின் பையிலிருந்து போகும்.

மூன்றும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டவை என்றால் இதற்கு வழி உண்டு. எல்லாவற்றையும் ஒரே தொகுப்பில் வைத்து, வரிக் கணக்கை மட்டும் தனிப் பகுதியாக்கி, மூன்றும் அதையே பயன்படுத்தச் செய்யலாம். இத்தகைய தொகுப்புக்கு மொனோரெப்போ என்று பெயர்.

ஆனால் சிறு திருத்தத்திற்கும் எல்லாவற்றையும் மறுபடி தயாரித்துப் பரிசோதித்தால் நேரம் வீணாகும். இங்கேதான் டாஸ்க் ரன்னர் உதவுகிறது. டர்போரெப்போ, என்எக்ஸ் ஆகியவை இவ்வகையில் இலவசமாகக் கிடைப்பவை. எது எதைச் சார்ந்தது என்று பார்த்து, முதலில் வரிப் பகுதியையும் பின்னர் மற்ற மூன்றையும் அவை தயாரிக்கும். மாறாத பகுதிக்கு முன்பு சேமித்த விளைவையே எடுத்துக்கொள்ளும். இணையத்தளத்தில் ஒரு படத்தை மாற்றினால் பற்றுச்சீட்டு மென்பொருளைத் தொடாது.

அமைக்கும் முறை கடினமல்ல. ஒவ்வொரு பகுதியிலும் தயாரிப்பு, பரிசோதனை ஆகிய வேலைகளுக்கு ஒரே பெயர் இட வேண்டும். பிறகு கருவியின் அமைப்புக் கோப்பில், எந்த வேலை எதற்குக் காத்திருக்க வேண்டும், விளைவு எங்கே சேரும் என்று எழுத வேண்டும்.

2005இல் சஞ்சீவ வீரவரண முதலானோர் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம், தனது ஐடென்டிட்டி சேர்வர் மென்பொருளின் திரைகளை இவ்வாறு ஒரே தொகுப்பில் வைத்து, என்எக்ஸைப் பயன்படுத்தியுள்ளது.

ஓர் ஆபத்தும் உண்டு. வரி வீதத்தை நிரலுக்கு வெளியே, கணினியின் சூழல் மாறியாக வைத்துவிட்டு, அதை அமைப்புக் கோப்பில் குறிப்பிடாமல் விட்டால், எதுவும் மாறவில்லை என்று கருவி எண்ணிவிடும். பழைய விளைவையே கொடுக்கும். பற்றுச்சீட்டில் பழைய வீதம் விழும். ஆகவே வீதத்தை, அது அமுலுக்கு வரும் திகதியுடன், வரிப் பகுதிக்குள்ளேயே எழுதுவது நல்லது. பழைய பற்றுச்சீட்டைத் திருத்தும்போதும் அன்றைய வீதம் சரியாக வரும்.

ஒரேயொரு மென்பொருள் வைத்திருப்பவருக்கு இது தேவையில்லை. இரண்டு மூன்று வைத்திருப்பவர்கள், மென்பொருள் எழுதுபவரிடம் ஒன்றைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்: பரிசோதனைப் பிரதியில் வீதத்தை ஓரிடத்தில் மாற்றி, மூன்றிலும் ஒரே தொகை வருகிறதா என்று. அடுத்த வரி மாற்றத்திற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது இலாபம்.