முழங்கால் மூட்டு: முழுவதும் மாற்றுவதா, ஒரு பகுதியை மாற்றுவதா?

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்றதும், பழைய முழங்கால் மூட்டை அப்படியே கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துவார்கள் என்று நினைக்கிறீர்களா? உண்மையில், அது சொத்தைப் பல்லின் மேற்பகுதியைச் சீவிவிட்டு உறை போடுவதைப் போன்றது.

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடமே முழங்கால். அவற்றின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியுள்ளது. அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதனால் தோலில் ஏற்படும் காயம்போல் அது எளிதில் ஆறுவதில்லை. அது தேய்ந்துபோனால் எலும்போடு எலும்பு உரசும். படி ஏறும்போது முழங்கால் தாங்கும் சுமை உடல் எடையைப்போல் சுமார் 3 மடங்கு. வலிக்காமல் இருக்குமா?

உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து ஆகியவற்றால் பலனில்லாதபோதுதான் அறுவை சிகிச்சை. மூட்டில் உட்புறம், வெளிப்புறம், முழங்கால் சில்லின் பின்புறம் என 3 பகுதிகள் உள்ளன. தேய்ந்தது எந்தப் பகுதி என்பதே முதல் கேள்வி.

முழு மாற்று: தேய்மானம் பரவியிருந்தால், இரு எலும்புகளின் முனைகளிலும் சில மில்லிமீட்டர் சீவப்படும். அவற்றின்மேல் உலோக உறைகள் பொருத்தப்படும். இடையில் குருத்தெலும்புக்குப் பதிலாக உறுதியான பிளாஸ்டிக் தகடு வைக்கப்படும்.

பகுதி மாற்று: ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, தசைநார்கள் உறுதியாக இருந்தால், அந்தப் பக்கத்திற்கு மட்டும் உறை போடலாம். வெட்டு சிறியது, குணமடைவதும் விரைவு.

எலும்பை நேராக்குதல்: வயது குறைந்தவருக்குக் கால் வளைந்து ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால், கீழ்க்கால் எலும்பை வெட்டிக் கோணத்தைத் திருத்துவார்கள். சுமை நல்ல பக்கத்திற்கு மாறும். மூட்டு அவருடையதாகவே இருக்கும்.

அப்படியானால் எல்லாருக்கும் பகுதி மாற்றே செய்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். 2019இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வின்படி, 25 ஆண்டுகளுக்குப் பிறகும் முழு மாற்று மூட்டுகளில் சுமார் 82 விழுக்காடு நீடித்தன. பகுதி மாற்றில் அது சுமார் 70 விழுக்காடு. மீதமுள்ள பகுதிகள் பின்னர் தேய்வது அதற்கு ஒரு காரணம்.

75 வயதுப் பாட்டிக்குச் செயற்கை மூட்டு ஆயுள் முழுவதும் போதுமானதாக இருக்கலாம். 50 வயதில் செய்துகொள்பவருக்கோ மறு சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு அதிகம். மறு சிகிச்சை முதலாவதைவிடக் கடினம். அதனால்தான் மருத்துவர்கள் வலியோடு வயதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டால், அவருடன் சென்று எக்ஸ்ரே படத்தைக் காட்டச் சொல்லுங்கள். எலும்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி எந்தப் பக்கம் குறைந்திருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம்.